சுடுதண்ணிக் குளத்தில் ஒற்றைச் செருப்பு

என் கோவக்கார அக்காவுக்கு,

ஆமாக்கா, இன்னும் சூடாத்தான் இருக்கு. நீ முதலில் கேட்கிற கேள்வி அதுதானே? நீ காரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் நான் ஓடிப்போய்ப் பாதத்தை நனைத்துப் பார்த்து, அங்கிருந்தே கத்த வேண்டும். இன்றைக்கும் நனைத்துப் பார்த்தேன். கத்த வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன்.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குள் நம் சுடுதண்ணிக் குளத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. அம்மாவிடம் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுகிறார். கூட்டாளிகளிடம் சொன்னால், "ஒரு குளத்துக்கா இவ்ளோ சீன் போடுற?" என்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உன் உதைதான். கிள்ளானில் நம் பிளாட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது நீ என்னை உதைத்து எழுப்புவாய். உன் பழைய கஞ்சில் காரில் ஏர்கான் வேலை செய்யாது. காஜாங் தாண்டி உலு லங்காட் பாதையில் திரும்பியதும் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவாய். குளம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசம் வந்துவிடும். எல்லாரும் அதை அழுகின முட்டை வாடை என்பார்கள். நீ மட்டும், "தீவாளிக்கு மறுநாள் காலையில வாசல்ல நிக்குமே, அந்த வாசம்டா" என்பாய். இப்போது தீபாவளிக்கு மறுநாள் எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது. எது எதிலிருந்து வந்ததென்று தெரியவில்லை.

குளம் என்ன பெரிய அழகா? மலாய்க்காரர்களின் கம்பத்துக் கிராமத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் இன்னொன்று, ஓரத்தில் கொதிக்கிற ஊற்றுக்கண், மேலே ஒரு அங்சானா மரம். அவ்வளவுதான். ஆனால் அங்கே போனதும் நீ செய்கிற ஒரு காரியத்துக்காக நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் உதை வாங்குவேன். நீ உன் நீளக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டுவாய்.

வேறெங்கும் நீ சுருட்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரைக்கும் மூடிக்கொண்டுதான் மாலை கட்டினாய். ஒரு நாள் சட்டை கொஞ்சம் விலகி, உன் கையில் செதில் செதிலாக இருந்த சொரியாசிஸைப் பார்த்துவிட்டு ஒரு பொம்பளை, "இந்தக் கையால கட்டுன மாலையவா சாமிக்குப் போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போனதை நீ என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். மறுநாளிலிருந்து கடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாய். அதைச் சிரிக்காமல் சொன்னாய்.

குளத்தில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அங்கே வருகிற எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. ஸ்ட்ரோக் வந்த புருஷனைத் தோளில் சாய்த்துக் கூட்டிவருகிற மலாய்க்கார அம்மா, நம் மக்சிக். இரண்டு முட்டியும் தேய்ந்துபோன சீன அங்கிள். அவர் எஸ்டேட்டில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். நீ அவருக்கு "முட்டிக்கால் அங்கிள்" என்று பெயர் வைத்தாய். அவர் உனக்கு "பூக்காரி" என்று வைத்தார். வெங்காய வலைப் பையில் முட்டைகளைப் போட்டு, கயிறு கட்டி ஊற்றுக்கண்ணில் இறக்கிவிட்டு, வேகிற வரைக்கும் நீங்கள் எல்லாரும் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு நாட்டு நடப்பைக் கிழிப்பீர்கள். முட்டை ஓட்டை நீ அதே வலைப் பையில் போட்டுக் கட்டிக் காருக்கு எடுத்துவருவாய். நீ செய்தாய் என்று அங்கிளும் செய்தார், மக்சிக்கும் செய்தார். யாரும் யாருக்கும் ரூல்ஸ் போடவில்லை.

நான்தான் தொல்லை. தண்ணீரில் கொஞ்ச நேரம்கூட உட்கார மாட்டேன். ஆற்றுப் பக்கம் ஓடுவேன், நாயைத் துரத்துவேன், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவனோடு பேச்சுக் கொடுத்து ஒரு ரவுண்டு போய்விடுவேன். உனக்கோ கை நன்றாக ஊற வேண்டும். அதற்கு நீ கண்டுபிடித்த வழி: என் இடது கால் செருப்பைப் பிடுங்கி, உனக்குக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வாய்.

"ஒத்தச் செருப்போட எங்க ஓடுவ? ஓடு பார்ப்போம்."

வழியெல்லாம் கூரான சரளைக்கல். எங்கே ஓடுவது? அங்கிளின் முட்டிக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மீசை முளைத்த பிறகும் நீ விடவில்லை. நான் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு வந்த வாரம் வீட்டில் ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ மட்டும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை உதைத்து எழுப்பினாய், குளத்துக்குக் கூட்டிவந்தாய், செருப்பைப் பிடுங்கினாய். அப்புறம் சொன்னாய்: "படிப்ப விட்டுட்ட, சரி. உட்கார்றதையாச்சும் படிச்சுக்க பம்பரம்."

அதற்குப் பிறகு உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. வெறும் கொசு. எந்தக் கொசு, எங்கே கடித்தது, யாருக்குத் தெரியும்? காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்த அன்றைக்குத்தான் நீ மோசமானாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கின பிளாஸ்டிக் கப்பைப் பார்த்தால் கவிழ்க்காமல் தாண்ட முடியவில்லை. சாப்பாடு டெலிவரிக்குப் போகிற வழியில் மோட்டாரை நிறுத்திக் கவிழ்க்கிறேன். கஸ்டமர் போன் போட்டுத் திட்டுகிறான். திட்டட்டும்.

நீ போன பிறகு கொஞ்ச நாள் நான் குளத்துப் பக்கமே போகவில்லை. போனபோது அது வேறு இடமாக இருந்தது. யாரோ வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டுவிட்டார்களாம். செராஸ், அம்பாங், எங்கெங்கிருந்தோ வேன் வேனாக ஜனம். ஊற்றுக்கண்ணைச் சுற்றி மேகி கப்பு. தண்ணீரில் ஷாம்பு நுரை. புதரில் குழந்தையின் பெம்பர்ஸ். முட்டை ஓடு காலில் குத்தியது. உன் இடத்தில், அதான், மரத்து வேருக்குப் பக்கம் சிமெண்டு கொஞ்சம் உடைந்திருக்குமே, அங்கே பார்பக்யூ கரியைக் கொட்டியிருந்தார்கள்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். நேராகப் போய்க் கேட்டேன். செராஸிலிருந்து வந்த ஒருத்தர், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"பாஸ், கப்ப எடுத்துட்டுப் போங்க."

"நீ என்ன முனிசிபாலா?"

"இல்ல."

"அப்புறம்? உனக்கு எங்க வலிக்குது?"

எங்கே வலிக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது அக்கா? சட்டையைப் பிடித்துவிட்டேன். முட்டிக்கால் அங்கிள்தான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து என்னைப் பிரித்துவிட்டார். "டேய், உன்னைப் பிடிக்க நான் எழுந்து வரணுமா? என் முட்டிக்கு நீ புது முட்டி வாங்கிக் குடுப்பியா?"

அதே நாள்தான் ஒரு பெண்ணையும் பார்த்தேன். என் வயசு இருக்கும். நீளக்கைச் சட்டை. தண்ணீர் ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக ஒரு கையை மட்டும் சுருட்டினாள். உன் கை மாதிரியே செதில், முழங்கையிலிருந்து கீழே. எதிர்ப்பக்கம் ஒரு கும்பல் போனைத் தூக்கிக் குளத்தை வீடியோ எடுத்தது. அவளை எடுத்தார்களா இல்லையா, தெரியாது. அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீரைத் தொடாமலே போய்விட்டாள்.

அப்புறம் குளத்தைப் பார்த்துக்கொள்கிற மலாய்ப் பெரியவர் பாக் சிக் வந்தார். உனக்கு ரம்புத்தான் கொத்து கொத்தாகக் கொடுப்பாரே, அவர்தான். மனுஷன் இளைத்துப்போயிருந்தார். கம்பத்தில் கூட்டம் போட்டார்களாம். குளத்துக்கு வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, கம்பத்து ஆட்களை மட்டும் விடப் போகிறார்கள். "என் பொண்டாட்டியும் நானும் எத்தனை நாள்தான் குப்பை பொறுக்குவோம் தம்பி? எங்களுக்கும் இடுப்பு இருக்கு" என்று மலாயில் சொன்னார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் பூட்டினால்? அங்கிள் எங்கே போவார்? அந்தப் பெண் திரும்பி வந்தால் எங்கே கையைச் சுருட்டுவாள்?

இனிமேல்தான் கதையே. சிரிக்காமல் கேள்.

உன் வருஷத் திதி முடிந்த கையோடு அம்மா, "புள்ள உட்கார்ந்த இடத்த நான் பாக்கணும்" என்றார். கூட்டிவந்தேன். அந்தக் குப்பையைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் இறுகிவிட்டது. கைப்பையிலிருந்து திதிக்கு வாங்கி மிஞ்சின மஞ்சள் துணியை எடுத்தார். அங்சானா மரத்தில் சுற்றிக் கட்டினார். குங்குமம் வைத்தார். மூன்று எலுமிச்சம்பழத்தை வேரில் வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"சாமி இருக்குன்னு தெரிஞ்சா எவனும் குப்பை போட மாட்டான். நம்ம பிளாட்டுப் படிக்கட்டுல சாமி படம் ஒட்டுன பிறகு எவனாச்சும் வெத்தலை துப்புனானா?"

சொன்னால் நம்ப மாட்டாய், வேலை செய்தது! மறுவாரம் மரத்தைச் சுற்றி ஒரு கப்பு இல்லை. செராஸ்காரன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, "நீங்க ஜீனியஸ்மா" என்றேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு குடும்பம் கற்பூரம் கொளுத்தியது. அப்புறம் தேங்காய் உடைத்தார்கள். அப்புறம் பாக்கெட் பாக்கெட்டாகப் பாலைக் கொண்டுவந்து வேரில் ஊற்ற, அது வழிந்து குளத்தில் கலந்து, அந்தச் சூட்டில் திரிந்து நாறியது. பால் பாக்கெட், ஊதுபத்தி அட்டை, காய்ந்த மாலை, மாலையைக் கட்டிவந்த பிளாஸ்டிக் பை. பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டினார்கள். முன்பாவது ஊரான் குப்பை. இப்போது முழுக்க நம்ம குப்பை அக்கா, பக்தியோடு போட்ட குப்பை. ஒரு நாள் பார்க்கிறேன், மூன்று சீன ஊதுபத்தியும் நிற்கிறது.

"அங்கிள், நீங்களுமா?"

"எந்தச் சாமியா இருந்தா என்னா லா? முட்டி வலி போனா சரி."

பாக் சிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு, "முஸ்லிம் கம்பத்தில் இது எப்படி என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது தம்பி? அதை நான் தொட்டால் உங்கள் மனசு நோகும். தொடாவிட்டால் என் ஆட்கள் மனசு நோகும்" என்றார். வேலிக்கான கம்பிச் சுருள் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருந்தது. நானே பார்த்தேன்.

சரி, அவிழ்த்துவிடலாம் என்று மரத்துக்குப் போனேன். சாமியாவது பூதமாவது என்று வீட்டில் வாய் கிழியப் பேசுகிறவன்தானே நான்? முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்க முடியவில்லை. கை வரவில்லை. பயமா? பயம்தான் என்று வைத்துக்கொள். அம்மா கட்டின முடிச்சு வேறு. உன் திதித் துணி வேறு.

அம்மாவைக் கேட்டால், "கட்டுனத அவுத்தா குத்தம்டா" என்றார். நான் சண்டை போடவில்லை. பாக் சிக் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன், ஒரு கையை மட்டும் சுருட்டினாள் என்று. அம்மா ரொம்ப நேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "அவுக்கக் கூடாது. கூப்பிட்டா வரும். வண்டி எடுக்குறியா?"

அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும். அம்மா மரத்தடியில் ஒரே ஒரு கற்பூரம் ஏற்றினார். பாக் சிக் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், அம்மாவைப் பார்த்ததும் மெஷினை அணைத்தார். கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். அம்மா மரத்திடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார்: "இங்க உனக்குச் சரிப்படல தாயே. கூட்டம் ஜாஸ்தி, வாடை ஜாஸ்தி. வா, நம்ம ஊருக்குப் போவோம்." அப்புறம் முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உன் கஞ்சிலில், உன் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறினார்.

"பெல்ட் போடுங்கம்மா."

"மடியில சாமி இருக்கு. பெல்ட் எதுக்கு?"

"போலீஸ்காரனுக்குச் சாமி தெரியாதும்மா. பெல்ட்டுதான் தெரியும்."

கிள்ளானில் நம் பிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயில் வேப்ப மரத்தில் அந்தத் துணி இப்போது இருக்கிறது. குளத்துக்கு வந்து, "யார்டா சாமிய எடுத்தது?" என்று சண்டைக்கு நின்றவர்களிடம் ஒரே பதில்தான் சொன்னேன்: "யாரும் எடுக்கல அண்ணே. அம்மா கூப்பிட்டாங்க, போயிருச்சு. கிள்ளான்ல இருக்கு. அங்க போய்க் கும்பிடுங்க." முறைத்தார்கள். கொண்டுவந்த தேங்காயைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

சாமி போனதும் குப்பை திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவைக் கிள்ளானில் இறக்கிவிட்டு, அன்று சாயங்காலமே திரும்பி வந்து பாக் சிக் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். குப்பை போடாதீர்கள் என்று போர்டு வைத்தாயிற்று, யாரும் படிக்கவில்லை. அடித்துப் பார்த்தாயிற்று. சாமியை வைத்தும் பார்த்தாயிற்று. அப்போது என் கால் பக்கம் பார்வை போனது. ஏறும்போது கழற்றிவிட்ட என் செருப்பில் ஒன்றை அவர் வீட்டுப் பூனை இழுத்துப்போய் அதன்மேல் படுத்திருந்தது. சத்தியமாக அக்கா, நீ உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தது!

"பாக் சிக்," என்றேன், "வேலி வேண்டாம். ஒரு செருப்பு ஸ்டாண்டு போதும்."

விஷயம் இதுதான். குளத்துக்கு வருகிறவர்கள் வாசலில் இடது கால் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுக்க வேண்டும். நான் ஒரு காலிப் பை கொடுப்பேன். போகும்போது பையில் அவரவர் குப்பையைக் கட்டிக்கொண்டு வந்து காட்டினால் செருப்பு திரும்பக் கிடைக்கும். போனைத் தூக்கி அடுத்தவர்களை வீடியோ எடுத்தால் வலது கால் செருப்பும் வந்துவிடும். பாக் சிக் முதலில் விழித்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பத்துக் கூட்டத்தில் அவரே பேசினார். ஹரி ராயாப் பெருநாள் வரைக்கும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கம்பிச் சுருள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு நிபந்தனை: வார இறுதியில் வாசலில் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஒரு நாள் ஆள் இல்லை என்றாலும் பூட்டுதான்.

"ஆள் யாரு?" என்று கேட்டார்கள். பாக் சிக் என்னைக் காட்டினார். எந்த வேலையிலும் நிலைக்காத என்னை.

முதல் நாள் அமர்க்களம்.

"செருப்பக் கழட்டணுமா? இது என்ன கோயிலா?"

"கோயில் கிள்ளான்ல இருக்குக்கா. இது குளம். இடது கால் மட்டும் போதும்."

"என் ஷூ பிராண்டட் தெரியுமா?"

"அப்ப கண்டிப்பா திரும்பி வருவீங்க பாஸ்."

செராஸ்காரனும் வந்தான். செருப்பைக் கொடுத்தான், முறைத்துக்கொண்டே. போகும்போது பையைக் காட்டினான். கப்பு இருந்தது, ஸ்பூன் இல்லை. "ஒரு ஸ்பூன்தானே பாஸ்!" என்றான். "ஸ்பூன்தான் பாஸ்" என்றேன். அந்தச் சரளைக்கல்லில் "ஆ, ஊ" என்று ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் ஸ்பூனோடு வந்தான். முட்டிக்கால் அங்கிள் தண்ணீரில் இருந்தபடி கைதட்டினார். வயசானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் விலக்குதான். ஆனாலும் அங்கிள் பிடிவாதமாகத் தன் செருப்பை முதல் தட்டில் வைத்துவிட்டுப் போகிறார். "பூக்காரி பார்த்தா திட்டுவா" என்கிறார்.

குளம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக்கூடப் புதரில் பெம்பர்ஸ் கிடந்தது. ஆனால் ஊற்றுக்கண் சுத்தமாக இருக்கிறது. உன் இடத்தில் கரி இல்லை, கழுவிவிட்டேன். மறுபடியும் அந்தத் தீபாவளிக்கு மறுநாள் வாசம் மட்டும் வருகிறது. அந்தப் பெண் இன்னும் வரவில்லை. வருவாளா? வேறு எங்காவது போயிருப்பாளா? நீளக்கைச் சட்டையோடு யார் இறங்கினாலும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் வந்து உட்கார்ந்ததும், ஸ்டாண்டின் அடித்தட்டில் முதலில் நான் வைப்பது என் இடது கால் செருப்பு. எல்லாரும் போன பிறகு கடைசியாகத்தான் எடுக்கிறேன். நடுவில் எனக்குக் கால் அரிக்கிறது. ஆற்றுப் பக்கம் போக வேண்டும் போல இருக்கிறது, மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்காவது பறக்க வேண்டும் போல இருக்கிறது. ஒற்றைச் செருப்போடு எங்கே ஓடுவது?

ஹரி ராயா வரைக்கும் மட்டும் இல்லை. அதற்கப்புறமும் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அவள் வருகிற அன்றைக்கு வாசல் திறந்திருக்கும், தண்ணீர் சுத்தமாக இருக்கும், யாரும் போனைத் தூக்க மாட்டார்கள். இது சத்தியம். உன்மேல்.

இன்னும் நிறைய எழுத இருந்தது, அம்மாவின் கண் ஆபரேஷன், உன் கஞ்சிலுக்கு நான் அடித்த பெயிண்டு, ஆனால் இப்போ போகணும்க்கா. ஒருத்தன் ரெண்டு கால்லயும் செருப்போட உள்ள போறான்.

உன் தம்பி,
பம்பரம்